மேற்படி அச்சு விஷயமாகச் சம்பந்திக்கு

கோலா சிலாங்கூர்,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, 1953.

அம்பாங் பெச்சாவில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தங்கராஜு அவர்களுக்கு, கோலா சிலாங்கூர் சோமு கிராணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், என் மனைவி நல்லம்மாள், கார் ஆகிய மூவரும் இன்று காலை முதல் நலம். அவ்விடத்தில் தாங்களும், சம்பந்தியம்மாள் லெட்சுமி அவர்களும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் கலாவதியும், அவள் வயிற்றில் இருப்பவரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வந்து கலாவதியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் மாவிலை கட்டிக் காத்திருந்த தங்களுக்கு ‘ஆக்சில், விவரம் கடிதத்தில்’ என்று ஒரு தந்தியை மட்டும் அனுப்பிவைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தபால் ஆபீசை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தியம்மாள் தந்தியைப் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டார்கள் என்றும், உள்ளே இருப்பது வண்டிச் சமாசாரம்தான் என்று தெரிந்த பிறகும் ஆரம்பித்த அழுகையைப் பாதியில் விட மனமில்லாமல் அழுது முடித்தார்கள் என்றும் மாப்பிள்ளை எழுதியிருந்தார். அந்தக் கண்ணீருக்கு நானே பொறுப்பு. இனி மேற்படி ஆக்சிலாகிய வண்டி அச்சு விஷயத்தை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். தாங்கள் தோட்டத்து லோரியை இருபது வருஷம் ஓட்டியவர், ஆகவே எங்கே தவறு இருந்தாலும் தங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் இந்த ஒருமுறை சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் கழிந்து நாங்கள் தங்கள் இல்லத்துக்கு வந்தது நினைவிருக்கும். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று என் மனைவி அதிரசம், முறுக்கு, ரவா லட்டு என்று தட்டுத் தட்டாக அடுக்கி எடுத்துவந்தாள். சுங்கை சோ தடுப்பில் போலீஸ் சார்ஜன்ட் அத்தனையையும் இறக்கி மேசைமேல் வைத்துவிட்டார். காட்டில் இருக்கும் பயங்கரவாதிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் அந்தச் சாலையில் அரிசி, பயறு, மாவு, சர்க்கரை, வெல்லம், இவற்றால் செய்த பண்டம் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக, தொழிலாளர் லயம் லயமாகப் போய் அந்த உத்தரவைத் தமிழில் படித்துக் காட்டியவனே நான்தான். “தா போலே லா, கிராணி. மிந்தா மாஃப்,” என்று சார்ஜன்ட், விட முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்தார். நல்ல மனுஷர். சட்டம் சட்டம்தான் என்று நானும் அவர் பக்கம் நின்று பேசினேன். அதற்காக என் மனைவி செரண்டாவும் தாண்டி ராசா ஊர் வரும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கள் வீட்டில் சம்பந்தியம்மாள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. “வெறுங்கையோட வந்தா என்னங்க, மனுசங்க வந்ததே போதும்,” என்று முகம் மலரத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘வெறுங்கை’ என்கிற ஒரு சொல்லை என் மனைவி மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். தடுப்பில் எதைப் பிடுங்கினாலும் இதை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வைத்தாலும் சரி, குழம்பு வைத்தாலும் சரி, “வெறுங்கைக்காரி வச்ச குழம்பு, பிடிச்சா சாப்பிடுங்க,” என்றுதான் வைப்பாள்.

மாசியில் மறுபடி வளையல் போட வந்தோம். இந்த முறை தட்டு இல்லை, மூட்டை இல்லை. பூவும் வளையலும் மட்டும். மனைவி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கப் பழகிவிட்டாள் என்று நான் உள்ளூர மகிழ்ந்துபோனேன். செரண்டா தாண்டியதும் பின்பக்கம் வலது சக்கரத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு ‘டொக்’. தங்கள் வாசலுக்கு வரும்போது சக்கரம் ஒருமுறை சுற்றினால் இரண்டு மூன்று டொக் கேட்டது. வேகமாகப் போனால் அடங்கிவிடும், மெதுவாகப் போனால் பேசும். வண்டியின் பழைய முதலாளியான எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குணமும் அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். தாங்கள் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியவர், சாப்பாட்டு நேரம் தவிர நாங்கள் கிளம்பும் வரை அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“சம்பந்தி, இது வலது பக்க ஆக்சில். தேஞ்சு போச்சு,” என்று தாங்கள் தீர்ப்புச் சொன்னதும், அதற்கு மேல் சொன்னதும் எனக்கு அப்படியே மனப்பாடம். “ராசாவுக்கும் சுங்கை சோவுக்கும் நடுவுல முறிஞ்சா என்ன செய்வீங்க? ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். பொழுது சாஞ்சா போலீஸ்காரன் ரோட்டை அடைச்சிருவான். புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு காருக்குள்ளயே குந்தியிருப்பீங்களா? ஆக்சில மாத்துங்க, அப்புறம் வாங்க. இந்த வண்டியில என் மருமவள நான் ஏத்த மாட்டேன்.” பஸ்ஸில் அழைத்துப் போகலாம் என்றால் இரண்டு இடத்தில் மாறவேண்டும், கலாவதிக்குக் கால் வீங்கியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராமல் இருப்பதா என்று அவள் கண் கலங்கியதைத் தாங்களும் பார்த்தீர்கள். ஆக, மேற்படி அச்சு மாறினால்தான் என் மகள் என் வீட்டுக்கு வருவாள் என்று ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் சுங்கை சோ தடுப்பில் அதே சார்ஜன்ட். வண்டி ஊர்ந்து வரும்போதே சத்தத்தைக் கேட்டுவிட்டு, “கரேத்தா சாக்கிட் லா, கிராணி,” வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று பரிதாபப்பட்டு, பூட்ஸ் காலால் அந்தச் சக்கர மூடியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ பதில் சொன்னது. பின்னால் லோரிகள் வரிசையாக நின்றதால் சோதனை எதுவும் போடாமல், பார்த்துப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். என் மனைவி அதற்குள் கண்ணை மூடிக் கந்தர் சஷ்டியைப் பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள். வண்டிக்காக இவ்வளவு கவலைப்படுகிறாளே என்று எனக்கு நெஞ்சு இளகிப்போயிற்று.

கிள்ளான் பட்டறையில் விட்டால் பேரனுக்குப் பெயர் வைத்த பிறகுதான் வண்டி கைக்கு வரும் போலிருந்தது. அதனால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவது என்று துணிந்தேன். எனக்குத் துணை எங்கள் பக்கத்து வீட்டு சேக் பரீது. இப்போது கடைத்தெருவில் காப்பிக்கடை வைத்திருக்கிறார், அதற்கு முன் பஸ் ஓட்டினார். தாம் ஓட்டிய காலத்தில் பஸ் ஒருநாளும் நின்றதில்லை என்பார். பஸ் கம்பெனிதான் நின்றுபோயிற்று. ஆனால் ஜாக்கியும் ஸ்பானர் பெட்டியும் இன்னும் அவரிடம் இருக்கின்றன. அவர் என்னை வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “கிராணியாரே, ஆக்சில் சத்தத்தைக் காதால கேக்கக் கூடாது, உள்ளங்காலால கேக்கணும். காது பொய் சொல்லும்,” என்றார். ஆற்றங்கரை வரை போய் வந்தோம். உள்ளங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டேன். “சம்பந்தி சொன்னதைத்தான் சொல்லுது,” என்றார்.

ஆனாலும் முறைப்படி பார்க்க வேண்டுமல்லவா? மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டியைக் கியரில் போட்டுவிட்டு வலது சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது ஒன்று. கொஞ்சம் ஆடினால் குற்றமில்லை, நிறைய ஆடினால் அச்சின் நுனியில் இருக்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது, அது பேரிங்குக்கு. எவ்வளவு ஆடினால் கொஞ்சம், எவ்வளவு ஆடினால் நிறைய என்று கேட்டேன். “அதெல்லாம் அனுபவம்,” என்று சொல்லிவிட்டு சேக் பரீது சக்கரத்தை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வண்டியே ஆடியது. நிறையத்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. கார் வந்த நாளிலிருந்து அதை ஒரு சக்களத்தியாக நினைத்து ஒதுங்கியே இருந்தவள், சக்கரத்தைக் கழற்றப் போகிறோம் என்று கேட்டதும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “எந்தப் பக்கத்தைக் கழட்டப் போறீங்க? வலதா, இடதா?” என்று அக்கறையாக விசாரித்தாள். வலது என்றதும், “இருங்க, இந்த மூடியெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. நான் வெளக்கித் தாரேன். சம்பந்தி வீட்டுக்குப் போற வண்டி,” என்று சொல்லி, நாங்கள் குனிவதற்குள் தோசைத்திருப்பியைக் கொடுத்து நெம்பி அந்த மூடியைத் தானே கழற்றி மடியோடு அணைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அப்புறம் மற்றதையும் கழற்றிப் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்காக்கிக் கொண்டுவந்தாள். சேக் பரீது பார்த்துவிட்டு, “எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்காளே,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அச்சுக்கு எங்கே போவது என்று தாங்கள் கேட்பீர்கள். எங்கள் பழைய தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டுக்குப் பின்னால் இதே ரகக் கார் ஒன்று மரத்தில் மோதி முகம் போய்க் கிடந்தது. முகம்தான் போயிற்று, பின்பக்கம் பத்திரமாக இருந்தது. மானேஜரிடம் கடிதம் எழுதி அனுமதி வாங்கினேன். அதைக் கழற்றிப் பழகியதால் நம் வண்டியைக் கழற்றும்போது எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. சக்கரத்து நட்டுகள், பிரேக் டிரம், அதற்குள் அச்சின் தலையைப் பிடித்திருக்கும் திருகாணிகள். எல்லாம் கழன்ற பிறகு அச்சு தானாக வெளியே வரும் என்று சேக் பரீது சொன்னார். அது வரவில்லை. அவர் இழுத்தார், நான் அவரை இழுத்தேன். திடீரென்று அது வந்தது. கூடவே உள்ளே இருந்த எண்ணெய் அத்தனையும் வந்தது. எண்ணெயை முன்னாலேயே வடித்துவிட்டீர்கள் அல்லவா என்று நான் கேட்டேன். “நீங்க வடிச்சீங்கன்னு நெனச்சேன்,” என்றார் அவர். அந்த எண்ணெய் என் வேட்டியில் ஏறி, பனியனில் ஏறி, இன்று வரை என்னை விட்டு இறங்கவில்லை. என் மனைவி நான் போகும் வழியெல்லாம் பழைய சாக்கை விரித்துவைத்திருக்கிறாள்.

கழற்றிய அச்சை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். “பல்லு தேஞ்சிருக்கு. நல்லா உத்துப் பாத்தா தெரியும்,” என்றார் சேக் பரீது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். புது அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் வேட்டி ஏற்கெனவே போய்விட்டது. அச்சுத் தலைக்கும் அதன் இருப்பிடத்துக்கும் நடுவில் ஒரு அட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். சுவரில் இருந்த நாட்காட்டி அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். சேக் பரீது கத்தரிக்கோலை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். “முருகன் படத்தை நான் வெட்ட மாட்டேன், கிராணியாரே. வேற அட்டை கொடுங்க,” என்றார். அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது, எண்ணெய் இருந்ததால் செய்யவில்லை. கடைசியில் என் மனைவியின் புடவைப் பெட்டி மூடியை வெட்டினோம்.

மாட்டி முடித்து ஆற்றங்கரை வரை ஓட்டினோம். டொக் இல்லை. மெதுவாக ஓட்டினோம், இல்லை. மலாய்க்காரர் கம்பத்து மண்பாதையில் பள்ளத்தில் இறக்கி ஏற்றினோம், அப்போதும் இல்லை. சேக் பரீது அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார், நானும் மூலையில் உட்கார்ந்து அவர் விட்ட இடங்களை நிரப்பினேன். ‘அச்சு மாற்றியாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறோம்’ என்று தங்களுக்குக் கார்டு எழுதியது அன்றுதான். அதில் ‘நானே’ என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்ததாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். சேக் பரீதின் பெயருக்குக் கார்டில் இடம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். என் மனைவி பட்டுப்புடவை கட்டி, வெற்றிலை பாக்கு, பூ, கலாவதிக்குக் கண்ணாடி வளையல், இவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற முகத்தோடு உட்கார்ந்தாள். ஈஜோக் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பாட்டுக்கூடப் பாடினேன். ஈஜோக் தாண்டி, ஒரு மாட்டுவண்டிக்காக வேகத்தைக் குறைத்தேன். ‘டொக்’. இந்த முறை இடது பக்கம்.

வண்டியை ஓரம் கட்டினேன். இப்போதுதான் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. சின்னப் பள்ளத்துக்கே ‘ஐயோ முருகா’ என்கிற என் மனைவி, “ஒண்ணுமில்லங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்க ஓட்டுங்க,” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “எனக்குத் தெரியும், ஓட்டுங்க.” அச்சைப் பற்றி உனக்கு என்னடி தெரியும் என்றேன். “அச்சைப் பத்தித் தெரியாது. வண்டியைப் பத்தித் தெரியும். எம்பொண்ணு அங்க வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பா. திருப்பாதீங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் மனம், மகளைப் பார்க்கும் அவசரத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் நான் தங்களுக்கு வாக்குக் கொடுத்தவன். இந்தச் சத்தத்தோடு வந்து நின்றால் தாங்கள் மருமகளை ஏற்ற மாட்டீர்கள், ஏற்றினாலும் நான் ஓட்ட மாட்டேன். வண்டியைத் திருப்பினேன். வீடு வந்து சேரும் வரை அவள் அழுதாள். வந்து இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன செய்தாள் தெரியுமா? தோசைத்திருப்பியை எடுத்துவந்து இடது பக்கத்து மூடியைக் கழற்றிக்கொண்டு புளி போட்டுத் தேய்க்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். துக்கத்திலும் கடமை மறக்காதவள். நான் தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி அடித்தேன்.

மறுநாள் காலை சேக் பரீது கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். அவருக்கு அவமானம், வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லியிருந்தாரே. எண்ணெயை இந்தத் தடவை நாங்கள் இருவருமே தனித்தனியாக வடித்தோம். இடது அச்சு தகராறு செய்யாமல் வெளியே வந்தது. அதைச் சாக்கால் துடைத்துக்கொண்டே வந்த சேக் பரீதின் கை ஓரிடத்தில் நின்றது. தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். பாதிச் சுற்றுக்குத் துரு ஏறிய கறுப்பு, மீதிச் சுற்றுக்குப் புதிதாக வெள்ளை. இதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவர் அச்சைத் தூக்கி வாசல் துவைகல்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் போயிற்று. ஒரு துண்டு அவர் கையில், ஒரு துண்டு ரோஜாச் செடிக்குள்.

நான் அங்கேயே எண்ணெயில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நாங்கள் போயிருந்தால் போகும்போது முறிந்திருக்காது, வண்டியில் இருவர்தான். வரும்போது, கலாவதி பின்சீட்டில் சாய்ந்திருக்கும்போது, செரண்டாவுக்கும் சுங்கை சோவுக்கும் நடுவில், வெயில் தாழ்ந்த பிறகு முறிந்திருக்கும். அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில் நான் கண்ணாடி போட்ட கிழவன் என்ன செய்திருப்பேன்? “அல்லா காப்பாத்தினான், கிராணியாரே,” என்று சேக் பரீது என் பக்கத்தில் எண்ணெயிலேயே உட்கார்ந்தார். என் மனைவி வாசற்படியில் நின்று, உடைந்த துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. “அப்ப நெசமாவே ஆக்சில்தானா?” என்று கேட்டாள். வேறு என்ன என்று நினைத்தாய் என்றேன். அவள் உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். நான் மறுபடி ஸ்பானர் பிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

புகைக்கூட்டுக் காரின் இன்னொரு அச்சையும் வாங்கிவந்து நேற்று மாட்டிவிட்டோம். இன்று காலை பத்தாங் பெர்ஜுந்தை வரை போய் வந்தோம். வலதும் பேசவில்லை, இடதும் பேசவில்லை. ஆகவே தாங்கள் மனம் மாறி, வரும் வெள்ளிக்கிழமை அதே நல்ல நேரத்தில் கலாவதியை எங்களோடு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அச்சு என்று தாங்கள் சொல்லியிராவிட்டால், எந்தச் சத்தத்தையும் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். பக்கம் ஒன்று மாறிப்போனதே தவிர, தங்கள் தீர்ப்பு தீர்ப்புதான். என் மகளின் உயிருக்கும் பேரப்பிள்ளையின் உயிருக்கும் தங்கள் காதுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இதைப் பொதுவில் சொல்லவும் தயார்.

கலாவதிக்கு எங்கள் இருவரின் ஆசியும். காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும், இனி இந்த வீட்டிலிருந்து தந்தி வராது என்ற உறுதியையும் சேர்ப்பிக்கவும். வண்டிக்கு ஓடும் தெம்பும் ஓட்டுகிறவனுக்குப் புத்தியும் குறையாமல் முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சோமு,
ஓய்வுபெற்ற பெரிய கிராணி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி வந்து, சம்பந்தியம்மாளுக்குத் தன் பங்கில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணி, வெள்ளிக்கிழமை நாங்க வந்ததும் ஆம்பளைங்களை உள்ள கூப்பிட்டுச் சாப்பாட்டுல உக்கார வச்சிருங்க. போன தடவ மாதிரி அண்ணன் சக்கரத்துக்கிட்டயே குந்திக்கிட்டா நான் எடுக்க முடியாது. பொரிவிளங்கா உருண்டை, சக்கர மூடிக்குள்ள துணியில சுத்தி வச்சிருப்பேன். துணி கிழிஞ்சாலும் உருண்டை ஒடையாது.”

இதை எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் பேனா என் கையிலிருந்து விழுந்தது. மேலே கறை தெரிவது அதனால்தான்.

விசாரித்தேன். மாசியில் வலது மூடிக்குள், போன வெள்ளிக்கிழமை இடது மூடிக்குள். வறுத்த அரிசியும் பயறும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிடித்தது, அத்தனையும் உத்தரவில் பெயர் சொல்லித் தடுத்த சரக்கு. சார்ஜன்ட் பூட்ஸால் தட்டியபோது பதில் சொன்னது அதுதான். அதிரசம் வைத்திருக்கக் கூடாதா, கூழாகியாவது போயிருக்குமே என்றேன். அதனால்தான் உருண்டை வைத்தேன் என்றாள். வெறுங்கையோடு இன்னொரு முறை அந்த வாசலில் இறங்க மாட்டாளாம். தங்கள் காதும் சேக் பரீதின் உள்ளங்காலும் என் இரண்டு வேட்டியும் ஆக எல்லாமே ஏமாந்தது ஒரு கை உருண்டைக்கு. வலது அச்சில் ஒரு குறையும் இல்லை, இன்று மறுபடி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆனால் அந்த உருண்டை வலதிலிருந்து இடதுக்கு மாறியிராவிட்டால் இடது அச்சை நான் கழற்றியே இருக்க மாட்டேன். இவளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் அழுதேன். இரண்டையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

உத்தரவைப் படித்துக் காட்டியவன் வீட்டிலேயே இப்படியா, எல்லாவற்றையும் எடுத்து வீட்டிலேயே வைத்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லியிருக்கிறாள். இப்போது கொல்லையில் மூடிகளுக்குப் புளி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே, இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி தங்கள் வாசலுக்கு வரும்போது டொக் டொக் என்று கேட்டால் தாங்கள் தயவுசெய்து வெளியே வர வேண்டாம். சம்பந்தியம்மாளை மட்டும் ஒரு தோசைத்திருப்பியோடு அனுப்பிவைக்கவும்.